ஐந்து ஸ்டேசன், ஐந்து பப், ஒரு பிழையான விடை

லண்டனில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் செவ்வாய்க்கிழமை இரவுகளில் என்னை ஒரு பப்பில் பார்த்திருக்கலாம். வேறமாதிரி விளங்கிக்கொள்ளுவா எண்டு அம்மாவுக்கு மட்டும் சொல்லவில்லை. நான் அங்கே குடித்தது தோடம்பழச் சாறு. போனது வினாடிவினாவுக்கு.

பப்பில் வினாடிவினா என்பது அந்த நாட்டில் கிட்டத்தட்ட ஒரு வாராந்தச் சடங்கு. 1970களின் நடுவில் ஷரன் பேர்ன்ஸ், டொம் போர்ட்டர் என்ற இருவர், ஆள் வராத இரவுகளில் பப்களை நிரப்புவதற்காகக் கேள்விகளைத் தயாரித்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். பிறகு அது நாடு முழுக்கப் பரவிவிட்டது. நாலைந்து பேர் ஒரு மேசை, ஒரு பென்சில், ஒரு விடைத்தாள். ஃபோனைத் தொடக்கூடாது. வினா கேட்பவர் சொல்வதே முடிவு.

அந்தக் கடைசி விதிதான் ஒருநாள் எங்களைக் கவிழ்த்தது.

அன்றைய கேள்வி இது: பப்களின் பெயரைக் கொண்ட ஐந்து ட்யூப் ஸ்டேசன்களை எழுதுங்கள். பதினெட்டு வருசமாக லண்டனில் இருக்கிற என்ர மச்சான் மூன்றைச் சொன்னான். வேலையிடத்து நண்பர் ஒருவர் மற்ற இரண்டையும் சொன்னார். ஏஞ்சல், எலிஃபன்ட் அன்ட் காசில், மேனர் ஹவுஸ், ரோயல் ஓக், சுவிஸ் கொட்டேஜ். முழுப் புள்ளி. அடுத்தது மேலதிகப் புள்ளிக்கான கேள்வி: எலிஃபன்ட் அன்ட் காசிலுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? பப்பின் பெயர்ப்பலகையில் இருந்த படத்தால் வந்தது என்று எழுதினோம். வினா கேட்டவர் தலையாட்டிவிட்டார். அவருடைய தாளில் இருந்த விடை வேறு. 'இன்ஃபன்டா டி கஸ்தில்யா' என்ற ஸ்பானிய இளவரசியின் பெயர் லண்டன்காரர் வாயில் உருக்குலைந்து 'எலிஃபன்ட் அன்ட் காசில்' ஆனதாம். ஒரு புள்ளியால் தோற்றோம்.

திரும்பி வரும்போது நான் புறுபுறுத்துக்கொண்டு வந்தேன். மச்சான் சிரித்தான். "விடடாப்பா. உது தெரிஞ்சு என்ன பிரியோசனம்? நாளைக்கு ஸ்டேசனில சும்மா ஏத்திக்கொண்டு போகப்போறாங்களோ?"

அன்று எனக்குப் பதில் வரவில்லை. இந்தக் கட்டுரைதான் அந்தப் பதில்.

மச்சான் சொன்னதில் பாதி சரி. பிரயோசனமே இல்லாத துணுக்குகள் இருக்கின்றன. லண்டன் வினாடிவினாக்களில் தேய்ந்துபோன கேள்வி ஒன்று: 'மெக்கரல்' என்ற மீனின் ஆங்கிலப் பெயரில் உள்ள எழுத்து ஒன்றுகூட இல்லாத ஒரேயொரு ட்யூப் ஸ்டேசன் எது? விடை, சென்ட் ஜோன்ஸ் வூட். உண்மைதான், எழுதிப் பார்த்தால் சரியாக வரும். ஆனால் அதற்குப் பிறகு? ஒன்றும் இல்லை. ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது, தற்செயல் அவ்வளவுதான்.

பப் பெயர்க் கேள்வி அந்த வகை இல்லை. அதில் 'ஏன்' என்று கேட்டால் ஒரு நகரம் எப்படிப் பயணம் செய்தது என்ற கதை முழுக்க வெளியே வருகிறது.

பெயர்ப்பலகையில் இருந்து தொடங்குவோம். 1393இல், இரண்டாம் ரிச்சர்ட் மன்னன் காலத்தில், ஏல் விற்கிறவர்கள் வாசலில் அடையாளப் பலகை வைக்கவேண்டும் என்று சட்டம் வந்தது. வாசிக்கத் தெரியாதவர்களே அதிகமாக இருந்த காலம். எழுத்தைவிடப் படம் பேசியது. சிங்கம், மான், தேவதை, கிரீடம். 'ஆர்ம்ஸ்' என்று முடிகிற பப் பெயர்களைப் பார்த்திருப்பீர்கள். அது கையும் இல்லை, ஆயுதமும் இல்லை. ஒரு குடும்பத்தின் அல்லது தொழில்சங்கத்தின் குலச்சின்னம். ரோயல் ஓக் என்றால், 1651இல் வூஸ்டர் போரில் தோற்று ஓடிய இரண்டாம் சார்ள்ஸ் ஒளிந்திருந்த ஓக் மரம். ஒரு மன்னன் மரத்தில் ஏறி ஒளித்த கதையை ஒரு படம் சொல்லியது. படம் பப்பின் பெயரானது. 1871இல் அதே பெயரில் ஸ்டேசன் திறந்தது. அந்தப் பப்புக்கு இன்று வேறு பெயர். ஸ்டேசன் இன்னும் ரோயல் ஓக்தான்.

இனி, ரயில் கொம்பனி ஏன் பப்பின் பெயரை எடுத்தது? பப்பை மதித்து இல்லை. ரயிலுக்கு முந்திய இங்கிலாந்தில் சத்திரம்தான் ஸ்டேசன். குதிரைவண்டிகள் அங்கிருந்துதான் புறப்படும், அங்கேதான் குதிரை மாற்றும், சனம் அங்கேதான் சாப்பிட்டுப் படுக்கும். இஸ்லிங்டனில் இருந்த ஏஞ்சல், வடக்கேயிருந்து லண்டனுக்குள் வருகிற பெருந்தெருவில் இருந்த அப்படியான ஒரு சத்திரம். 1829இல் ஜோர்ஜ் ஷில்லிபியர் லண்டனின் முதல் ஒம்னிபஸ் சேவையைத் தொடங்கியபோது, அது பாடிங்டன் பக்கத்தில் இருந்த 'யோர்க்ஷயர் ஸ்டிங்கோ' என்ற பப்பின் வாசலில் இருந்துதான் புறப்பட்டது. வண்டிக்காரன் பப்பின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவான். கொஞ்சக் காலத்தில் சந்திக்கே அந்தப் பெயர் வந்துவிடும். பிறகு ரயில் வந்து, சனத்தின் வாயில் ஏற்கெனவே இருந்த பெயரை எழுதி மாட்டும்.

யாழ்ப்பாணத்தில் தியேட்டர் இல்லாமல் போன பிறகும் வெலிங்டன் சந்தி வெலிங்டன் சந்திதான் என்பதை அறிந்தவர்களுக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஏஞ்சலில் ட்யூப் ஸ்டேசன் திறந்தது 1901இல். அந்த நேரம் பழைய சத்திரம் இடிக்கப்பட்டு, இன்று மூலையில் நிற்கிற குவிமாடம் வைத்த கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. 1920களில் அது லயன்ஸ் தேநீர்ச்சாலை ஆனது. பிற்காலத்தில் வங்கி வந்தது. லண்டன் மொனோபொலிப் பலகையில் நான்கு ரயில் ஸ்டேசன்கள் இருக்கின்றன. தெருவாக இல்லாமல் ஒரு கட்டடத்தின் பெயரிலே வருகிற சொத்து ஒன்றுதான், அது இந்த ஏஞ்சல். இன்று அந்த ஸ்டேசனில் சுமார் 60 மீற்றர் நீளமான நகரும் படிக்கட்டில் இறங்குகிற ஆயிரக்கணக்கான சனத்தில் எத்தனை பேர் ஒரு சத்திரத்தின் பெயருக்குள் இறங்குகிறோம் என்று நினைப்பார்கள்?

இங்கேதான் எனக்கு உறைத்த விசயம். சத்திரத்தின் பெயரை எடுத்த அதே ரயில்தான் சத்திரத்தைக் கொன்றது. 1830இல் லிவர்பூல் மன்செஸ்டர் பாதை திறந்தது, 1838இல் லண்டன் பேர்மிங்ஹாம் பாதை முழுதாகத் திறந்தது. சில வருடங்களிலேயே நெடுந்தூரக் குதிரைவண்டித் தொழில் படுத்துவிட்டது. வண்டி இல்லையென்றால் குதிரை இல்லை. குதிரை இல்லையென்றால் லாயமும் முற்றமும் படுக்கையறைகளும் எதற்கு?

இதைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்றால் லண்டன் பிரிட்ஜ் ஸ்டேசனில் இறங்கி, சதர்க்கில் இருக்கிற ஜோர்ஜ் இன்னுக்கு நடந்து போங்கள். 1676 தீவிபத்துக்குப் பிறகு திரும்பக் கட்டிய சத்திரம். மாடி மாடியாக மரத் தாழ்வாரம் ஓடுகிற குதிரைவண்டிச் சத்திரங்களில் லண்டனில் மிஞ்சியது இது ஒன்றுதான். ஆனால் மிஞ்சியது முழுச் சத்திரம் இல்லை, ஒரு பக்கம் மட்டும். முற்றத்தைச் சுற்றியிருந்த மற்றப் பக்கங்களை இடித்தது கிரேட் நோதர்ன் ரயில்வே கொம்பனி. பண்டசாலைக்கு இடம் வேண்டியிருந்தது. மிச்சத்தை இன்று நஷனல் ட்ரஸ்ட் பாதுகாக்கிறது. நான் அந்த முற்றத்தில் நின்று தாழ்வாரத்தை அண்ணாந்து பார்த்தேன். திரும்பினால் எதிரே சுவர். பாதியில் கிழித்த புத்தகம் மாதிரி இருந்தது.

ஆனபடியால் ரயிலைத் திட்டிவிட்டுப் போகலாமா? அதுவும் சரியில்லை. ரயில் பப்களை உண்டாக்கியும் இருக்கிறது. ஷ்ரொப்ஷயரில் கிறேவன் ஆர்ம்ஸ் என்ற சின்ன நகரம் இருக்கிறது. முதலில் இருந்தது அந்தப் பெயரில் ஒரு சத்திரம். 1852இல் ஸ்டேசன் வந்தது, பிறகுதான் அதைச் சுற்றி நகரம் வளர்ந்தது. நோர்ஃபக்கில் பெர்னி ஆர்ம்ஸ் என்று ஒரு ஸ்டேசன். சதுப்பு நிலத்தின் நடுவில், வாகனம் போகத் தெருவே இல்லாத இடம். 1844இல் பாதை போட நிலம் கொடுத்த பெர்னி என்ற நிலவுடைமையாளர், இங்கே ஸ்டேசன் வைக்கவேண்டும் என்று நிபந்தனை போட்டார். பக்கத்தில் இருந்த பெர்னி ஆர்ம்ஸ் பப் மூடிவிட்டது. ரயில் மட்டும் இன்னும் நிற்கிறது.

தலைகீழான கதையும் உண்டு. 1963இல் ரிச்சர்ட் பீச்சிங் கொடுத்த அறிக்கை 2,363 ஸ்டேசன்களை மூடச் சொன்னது. பெரும்பாலானவை மூடப்பட்டன, தண்டவாளங்கள் கிளப்பப்பட்டன. ஆனால் ஸ்டேசனுக்கு முன்னால் இருந்த 'ரெயில்வே இன்', 'ஸ்டேசன் ஹோட்டல்' பப்கள் பல ஊர்களில் அப்படியே நின்றன. ரயில் வராத ஊரில் ரெயில்வே இன். நகரத்தில் ஸ்டேசன் செத்த பப்பின் பெயரைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது, கிராமத்தில் பப் செத்த ஸ்டேசனின் பெயரைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. ஒன்றையொன்று அழித்த இரண்டும் ஒன்றின் பெயரை மற்றது காப்பாற்றி வைத்திருக்கின்றன.

இதை ஐந்து பெயர்களாகச் சுருக்கி, 'சரி, அடுத்த கேள்வி' என்று போவதுதான் எனக்குக் கோபம்.

இப்போது அந்த இளவரசிக்கு வருவோம். கதை வடிவானது. அதனால்தான் பொய் என்றாலும் சாகவில்லை. சிலர் அவளை முதலாம் எட்வர்டின் மனைவி எலினோர் என்பார்கள். எலினோர் இறந்தது 1290இல். 'இன்ஃபன்டா' என்ற சொல் ஆங்கிலத்துக்கு வந்ததே 1600 அளவில். வேறு சிலர், முதலாம் சார்ள்ஸ் இளவரசனாக இருந்தபோது 1623இல் மட்ரிட்டுக்குப் போய்ப் பெண் கேட்டுக் கிடைக்காமல் திரும்பினானே, அந்த ஸ்பானிய இளவரசி என்பார்கள். ஆனால் அந்தச் சந்தியில் இந்தப் பெயர் எழுத்தில் பதிவானது 1765இல். யானையும் கோட்டையுமோ அதற்கு எவ்வளவோ முந்திய சின்னம். கத்தி செய்வோர் சங்கம் 1622 முதல் அதைத் தன் சின்னத்தில் வைத்திருக்கிறது, கத்திப்பிடிக்கு யானைத்தந்தம் பாவித்தவர்கள் அவர்கள். படத்தைப் பார்த்தால் எங்களுக்கு ஒரு விளக்கமும் தேவைப்படாது. அந்தக் 'கோட்டை' யானையின் முதுகில் இருக்கிறது. அம்பாரி! யானையை வாழ்க்கையில் கண்டிராத ஓவியர்கள் அம்பாரியைக் கல்லுக் கோட்டையாக வரைந்துவிட்டார்கள். இளவரசிக் கதையைவிட இது எனக்கு நூறு மடங்கு வடிவாகத் தெரிகிறது. உண்மையாகவும் இருக்கிறது.

'பகிடிக்குக் கேக்கிற கேள்விக்கு ஏன் இவ்வளவு சீரியஸ்?' என்று கேட்கலாம். பகிடிக்குக் கேட்டாலும் அறுபது பேர் அன்று இரவு அந்த விடையோடு வீட்டுக்குப் போனார்கள். தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுவார்கள். துணுக்கு என்பது சின்னதாக இருப்பதால் யாரும் சரிபார்ப்பதில்லை. பெரிய பொய்கள் பிடிபடும், சின்னப் பொய்கள் பரம்பரை பரம்பரையாக வாழும். பொது அறிவுப் புத்தகங்களைப் பாடமாக்கி வளர்ந்த எங்களுக்கு இது தெரியாததா? மிக நீளமான ஆறு, மிக உயரமான மலை என்று ஒப்புவித்தோம். ஏன் என்று கேட்டால் 'சோதினைக்கு அது வராது' என்றார்கள். நானும் அப்படித்தான் பரிசு வாங்கினேன். அந்தப் பரிசுக் கேள்விகளில் ஒன்றுகூட இன்று நினைவில்லை. தோற்ற கேள்வி மட்டும் நினைவிருக்கிறது.

பிரித்தானியாவில் 2000ஆம் ஆண்டளவில் 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பப்கள் இருந்தன. இப்போது 45 ஆயிரமளவில்தான். வரி, வாடகை, மலிவான சுப்பர்மார்க்கெட் பியர், வீட்டிலேயே இருக்கிற பழக்கம் என்று காரணங்கள் பல. மேனர் ஹவுஸ் ஸ்டேசனுக்குப் பெயர் கொடுத்த பப் இன்று பப்பாக இல்லை. மதுவைப் பற்றி எங்களில் பலருக்குக் கசப்பான அனுபவங்கள் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் முன்பின் தெரியாத வயோதிபரும் வெளிநாட்டு மாணவனும் ஒரே மேசையில் இருந்து ஒரு ஸ்டேசன் பெயருக்காகச் சண்டை பிடிக்கக்கூடிய இடம் ஒன்று மூடப்படும்போது, போவது மது மட்டும் இல்லை.

வினாடிவினா நடத்துகிற எவருக்கும் என் கோரிக்கை சின்னது. பாடசாலையிலோ வாசிகசாலையிலோ பப்பிலோ, விடையைச் சொன்ன பிறகு அரை நிமிடம் 'ஏன்' என்பதையும் சொல்லுங்கள். சொல்ல ஏன் இல்லாத கேள்வியென்றால், மெக்கரல் மீன் மாதிரி ஒன்றிரண்டை வைத்துக்கொள்ளுங்கள், மிச்சத்தை விடுங்கள். யாராவது எழும்பி 'விடை பிழை' என்றால், விதியைக் காட்டி இருத்தாதீர்கள்.

நாட்டுக்கு வருவதற்கு முதல் வாரம் மச்சானோடு எலிஃபன்ட் அன்ட் காசிலில் இறங்கினேன். முதுகில் கோட்டை சுமந்த யானைச் சிலை ஒன்று அங்கே இருக்கிறது. மச்சான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். "உது அம்பாரியெல்லோ?" என்றான். பதினெட்டு வருசமாக அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தவன். பிறகு ஃபோனை எடுத்துப் படம் பிடித்து மகளுக்கு அனுப்பினான்.

அந்த ஒரு புள்ளி எனக்கு அங்கே கிடைத்துவிட்டது.