மருந்தும் அடைக்கலமும்

மதுரை மாநகருக்கு மேற்கே, கீழக்குயில்குடி என்னும் சிற்றூரை அடுத்துச் சமணமலை நிற்கின்றது. அதன் அடிவாரத்தே தாமரைக் குளமும் ஐயனார் கோயிலும் உள்ளன. மலையில் செட்டிப்பொடவு, பேச்சிப்பள்ளம் என்னும் இடங்களில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் பாறையிற் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றோடு காணப்பெறும் வட்டெழுத்துக் கல்வெட்டுகள் ஆயிரம் ஆண்டுப் பழமை உடையவை.

சமணர் போற்றிய தானங்கள் நான்கு. பசித்தவர்க்கு உணவளித்தல், பிணியுற்றவர்க்கு மருந்தளித்தல், அறியாதவர்க்குக் கல்வியளித்தல், அஞ்சிய உயிர்க்கு அடைக்கலமளித்தல் என்பன அவை. மருந்தும் அடைக்கலமும் ஒரே வரிசையில் வைத்து எண்ணப்பட்டமையை மாணவர்கள் உற்று நோக்குதல் வேண்டும். உடன்பிறந்தவை போன்ற இவ்விரண்டு அறங்களையும் இக்காலத்து மாந்தர் பகையாக்கி விட்டனர்.

அழுங்கு என்னும் விலங்கின் கதையைக் கேளுங்கள். எறும்புத்தின்னி என்றும் இதனைக் கூறுவர். பகலில் வளையுள் உறங்கி, இரவில் வெளிப்பட்டு, எறும்பையும் கறையானையும் தின்று வாழ்வது இது. ஓர் ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒரு குட்டியே ஈனும். பகை நெருங்கினால் உடலைச் சுருட்டிப் பந்துபோல் ஆகிவிடும். கொடுவிலங்கின் பல்லுக்கும் எளிதில் இடங்கொடாத அப்பந்தை, மனிதன் ஒரு சாக்கினுள் இட்டுத் தூக்கிச் செல்கின்றான். அதனைக் காக்க அமைந்த இயல்பே அதற்குக் கேடாய் முடிந்தது.

இதன் செதில் தாய்ப்பாலைப் பெருக்கும், குருதியோட்டத்தைச் சீராக்கும் என்பது சீன நாட்டுப் பழைய மருத்துவர் கொள்கை. ஆனால் அச்செதில் எப்பொருளால் ஆயது? நம் நகமும் மயிரும் எப்பொருளால் ஆயினவோ அப்பொருளாலேயே ஆயது. நகத்தைப் பொடித்து உண்டு நோய் தீர்ந்தவர் உண்டோ? எனினும் இச்செதிலுக்காக ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் அழுங்குகள் கொன்று குவிக்கப்பட்டன. மன்னார் வளைகுடாவிலும் பாக்கு நீரிணையிலும் வாழும் கடற்குதிரையும் உலர்த்தப்பட்டு அம்மருந்துச் சந்தைக்குச் செல்கின்றது.

சட்டம் வாளா இருக்கவில்லை. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அழுங்கைக் காக்கின்றது. 2001 முதல் கடற்குதிரையையும் காத்து வருகின்றது. 2016இல் ஜோகன்னஸ்பர்க் நகரிற் கூடிய பன்னாட்டு மாநாடு, எட்டு வகை அழுங்குகளையும் பன்னாட்டு வணிகத்தினின்று விலக்கியது. சீன அரசும் 2020இல் வெளியிட்ட மருந்து நூலில் அழுங்கின் செதிலைத் தனிச் சரக்காகச் சேர்க்கவில்லை.

பிறரைக் குறை கூறுமுன் நம்மை நோக்குதல் முறையாகும். நம் நாட்டிலும் மருந்தென்றும் மாந்திரிகமென்றும் சொல்லித் தேவாங்கைப் பிடித்து வதைத்தோர் உளர். அச்சிற்றுயிருக்காக, கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் உள்ள கடவூர்க் காட்டை நம் அரசு 2022இல் காப்பிடமாக அறிவித்தது. நம் பிழையை நாமே திருத்திக்கொள்ளும் நன்முயற்சி இஃது.

"மனித உயிரினும் விலங்கின் உயிர் பெரிதோ?" என்று வினவுவோர் உளர். நோயாளியின் துன்பத்தை நாம் எளிதாகக் கருதவில்லை. ஆனால் உண்மையில் நோய் தீர்க்காத பொருளை அவனுக்கு விற்பவன், அவனையும் வஞ்சிக்கின்றான், விலங்கையும் அழிக்கின்றான். உண்மையிலேயே நோய் தீர்க்கும் பொருளாயினும், அதனைத் தரும் உயிரினம் அற்றொழிந்தால் நாளைய நோயாளி எங்கே செல்வான்? ஆகவே அடைக்கலமின்றி மருந்தும் நிலைபெறாது என்பது தெளிவாம்.

பழைய மருத்துவம் முழுவதையும் பழித்தொதுக்குதலும் அறிவுடைமை ஆகாது. தூ யூயூ என்னும் சீன அம்மையார், பழஞ்சீன மருத்துவ ஏட்டுக் குறிப்பொன்றைத் துணையாகக் கொண்டு, ஒரு பூண்டிலிருந்து மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்து கண்டார். 2015இல் நோபல் பரிசு பெற்ற அவருடைய மருந்து எண்ணற்ற உயிர்களைக் காத்தது. முன்னோர் சொல்லை அவர் கண்மூடி ஏற்கவுமில்லை, தள்ளவுமில்லை, சோதித்துக் கொள்வனவற்றைக் கொண்டார். நம் சித்த மருத்துவத்தையும் இவ்வாறே சோதித்துப் போற்றுதல் நம் கடன்.

இன்னொன்றும் கூறவேண்டும். பெருவிலை பெறும் செதிலில், காட்டோரத்து ஏழையின் கைக்கு வருவது சிறு தொகையே. சிறைக்குச் செல்பவனும் பெரும்பாலும் அவனே. அவனுக்கு நேர்மையான பிழைப்பு அமையாதவரை சட்டம் மட்டும் காட்டைக் காவாது.

மாணவர்களே! அழுங்கு உங்கள் கண்ணிற் படாமலே போகலாம். ஆயினும், அதன் செதிலை மருந்தென்று எவரேனும் உரைக்கும்போது, "அது நகமே, மருந்தன்று" என்று எடுத்துச் சொல்லும் கல்வி உங்களிடம் உண்டு. அந்த ஒரு சொல் மருந்துதானமும் ஆகும், அடைக்கலதானமும் ஆகும்.