புளி போட்டு விளக்காதீர்கள்!

கோடை விடுமுறைக்குக் கரூர் போய்த் திரும்பிய நண்பர் ஒருவர், சென்ற ஆண்டு என்னை வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு சின்ன டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே இருபது, இருபத்தைந்து செப்புக் காசுகள். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகத்தளவுதான். அமராவதி ஆற்று மணலில் கிடைத்தவை என்று மாமா வீட்டில் கொடுத்தார்களாம்.

"ரோமாபுரிக் காசு சார்! கன்னங்கரேல்னு அழுக்கா இருந்துது. அம்மாதான் புளி போட்டு விளக்கிக் கொடுத்தாங்க. இப்ப எப்படி மின்னுது பாருங்க!"

மின்னத்தான் செய்தது. ஆனால் அரசன் தலை இருந்த இடத்தில் ஒரு மேடு மட்டும் இருந்தது. எழுத்து ஒன்றுகூட இல்லை.

அந்த அம்மாளை நான் குறை சொல்ல மாட்டேன். செம்பையும் பித்தளையையும் புளியால் விளக்கிப் பழகிய கை அது. குத்துவிளக்குக்கு அது சரி. ஆயிரத்து அறுநூறு ஆண்டுகள் மண்ணில் கிடந்த காசுக்குச் சரியல்ல. அவ்வளவு காலத்தில் செம்பின் மேற்பரப்பே பச்சையும் பழுப்புமாக மாறிக் கெட்டியான ஒரு தோலாகிவிடுகிறது. முகமும் எழுத்தும் பெரும்பாலும் அந்தத் தோலில்தான் தங்கியிருக்கின்றன. புளியில் உள்ள அமிலம் முதலில் தின்பது அதைத்தான். எலுமிச்சையும் வினிகரும் இதே வேலையைத்தான் செய்யும்.

யவனரோடு நாம் நடத்திய வாணிபத்தைப் பற்றி நம் சங்க மேடைகளில் முழங்காத பேச்சாளர் உண்டா? அவர்கள் சொல்வதெல்லாம் பொற்காசும் வெள்ளிக்காசும்தான். கொங்கு நாட்டில் புதையல் புதையலாகக் கிடைத்த அகஸ்டஸ், டைபீரியஸ் காசுகள் அவை. செப்புக் காசுகளின் கதை வேறு. கரூரிலும் மதுரையிலும் கிடைப்பவற்றில் மிகப் பெரும்பாலானவை கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. கான்ஸ்டன்டைனின் பிள்ளைகள், தியோடோசியஸ், அவன் மகன் ஆர்க்கேடியஸ் ஆகியோர் காலத்துச் சில்லறை. இலங்கையிலும் இவை ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. என்னைக் கேட்டால், தங்கத்தைவிட இந்தச் சில்லறைதான் சுவாரசியமானது.

அடையாளம் காண்பது அப்படி ஒன்றும் பெரிய வித்தை அல்ல. பத்து மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடி ஒன்றும், பக்கவாட்டில் விழும் வெளிச்சமும் போதும். ஒரு பக்கம் அரசன் தலை, நெற்றியைச் சுற்றி முத்துக் கோத்த பட்டம். எழுத்து பெரும்பாலும் 'டி', 'என்' என்று தொடங்கும். 'எம் தலைவன்' என்று பொருள்படும் லத்தீன் தொடரின் சுருக்கம் அது. 'யு' வர வேண்டிய இடத்தில் 'வி' இருக்கும், குழம்ப வேண்டாம். பெயர் தேய்ந்து போயிருந்தாலும் பரவாயில்லை, மறுபக்கத்தைப் பாருங்கள். இரண்டு படைவீரர்கள் ஈட்டியோடு நிற்க, நடுவே இரண்டு படைக்கொடிகள் இருந்தால் 330 முதல் 335 வரை. ஒரே கொடி என்றால் 335 முதல் 341 வரை. குதிரையிலிருந்து விழுந்தவனை வீரன் ஈட்டியால் குத்தும் காட்சி 348இல் தொடங்கியது. வெற்றித் தெய்வம் ஒரு கைதியை இழுத்துச் செல்கிறாள் என்றால் 388இலோ அதற்குப் பின்போ அடித்தது. அடியில் ஒரு கோடும் அதன்கீழ் இரண்டு மூன்று எழுத்துகளும் தெரிந்தால் அக்கசாலை எது என்பதும் தெரிந்துவிடும். அலெக்சாந்திரியாவா, அந்தியோக்கியாவா என்று நம் வீட்டு மேசையில் உட்கார்ந்தே சொல்லிவிடலாம். புளி போட்ட பிறகு இதில் எதைச் சொல்வது?

அடுத்தது இதைவிடப் பெரிய நஷ்டம். காசு எங்கே கிடந்தது என்பதை யாரும் எழுதி வைப்பதில்லை. மதுரைப் பக்கம் செப்புக் காசுகள் புதையலாக இல்லாமல் ஆற்று மணலில் சிதறிக் கிடக்கின்றனவே என்பதை வைத்துத்தான், 1904இல் ராபர்ட் சூவல், ரோமானியர் அங்கே குடியிருந்திருக்க வேண்டும் என்று வாதிட்டார். அவர் சொன்னதை எல்லோரும் ஏற்கவில்லை. 'தினமலர்' ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி கரூர், மதுரைக் காசுகளைப் பற்றி 1994இல் ஆங்கிலத்தில் தனி நூலே எழுதினார். சிதறிக் கிடந்தால் கை மாறிப் புழங்கிய காசாக இருக்கலாம். ஒரே பானையில் இருந்தால் யாரோ பதுக்கியதாகவோ, உருக்குவதற்காக எடைபோட்டு வந்த சரக்காகவோ இருக்கலாம். இதற்கு விடை காசில் இல்லை, அது கிடந்த இடத்தில் இருக்கிறது. டப்பாவில் வந்து சேர்ந்த காசு அநாதைப் பிள்ளை மாதிரிதான். அழகாக இருக்கும், ஊர் பேர் தெரியாது.

சேகரிக்கவே கூடாது என்று சொல்பவன் அல்ல நான். ஆனால் சட்டம் ஒன்று இருக்கிறது. மண்ணில் மறைந்திருந்து கிடைத்த பத்து ரூபாய்க்கு மேற்பட்ட எந்தப் பொருளையும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். நூறாண்டுக்கு மேற்பட்ட காசை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோவதைத் தடுக்கிறது 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம். அமெரிக்காவில் இருக்கும் பேரனுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தனுப்பலாம் என்று நினைப்பவர்கள் தயவுசெய்து இந்த வரியை இன்னொரு முறை படியுங்கள்.

இங்கே நடைபாதையில் ரோமானியக் காசு என்று விற்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. விளிம்பில் அச்சு சேர்ந்த தடம் ஓடினால், முகத்தில் ஊசிமுனைத் துளைகள் தெரிந்தால், அது வார்ப்பில் செய்த போலி. ரோமானியர் இந்தக் காசுகளை அச்சில் வைத்து அடித்தார்கள்.

நண்பரின் டப்பாவுக்கு வருகிறேன். பையின் அடியில் நாலு காசுகள் புளிக்குத் தப்பிக் கிடந்தன. காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, மென்மையான பிரஷால் மண்ணை மட்டும் எடுத்தோம். ஒன்றில் வெளிறிய பச்சையாக மாவு உதிர்ந்தது. அது காசையே அரிக்கும் நோய், அதனால் அதைத் தனியே எடுத்து வைத்தோம். இன்னொன்றில் இரண்டு வீரர்கள், நடுவே ஒரே கொடி. நண்பர் உடனே கரூருக்குப் போன் போட்டு, "மாமா, ஆத்துல எந்தப் பக்கம் கிடைச்சுது? யார் எடுத்தது?" என்று கேட்டார். மாமாவுக்குத் தெரியவில்லை, விசாரித்துச் சொல்வதாகச் சொன்னாராம். காகித உறையின் மேல் 'கரூர், அமராவதி' என்று எழுதி, அதன் கீழே ஒரு வரிக்கு இடம் விட்டு வைத்திருக்கிறோம்.