பழைய செயின்சாவும் புது ஏமாளிகளும்

வீடியோவில் ஓடுதாம், வாங்கிட்டாராம்! சூடான இஞ்சின் ஓடத்தான் செய்யும் சாமி. ஆறின மெஷினைக் கயிறு இழுத்துப் பார்த்தீங்களா? செயின் பிரேக் பிடிக்குதா? பிளேடு நுனி மரத்தில் பட்டு மெஷின் முகத்துக்கு எகிறும்போது அதுதான் காப்பாற்றணும். புனே ஜூனா பஜாரில் பழைய இரும்பு வாங்குறவன்கூட தட்டிப் பார்த்துத்தான் காசு எடுக்கிறான் மக்களே.

இதில் 'ராணுவத்தில் இருக்கேன், டிரான்ஸ்ஃபர், அட்வான்ஸ் போடுங்க' என்று ஒரு கும்பல். யூபிஐயில் பின் நம்பர் போட்டால் காசு போகும், வராது. 'பணம் வர பின் போடுங்க' என்றாலே திருடன்தான். போட்டுட்டு வங்கியில் வந்து எங்களைத் திட்டுவானேன்? உடனே 1930க்கு அடித்தால் ஒருவேளை பிடித்து நிறுத்தலாம். நாலு நாள் கழித்து வந்தால் நான் எங்கே போய்த் தேட? :(