நம்மைப் பார்க்கிறவரை யார் பார்ப்பது?



2020 மார்ச்சில் நாடெங்கும் ஊரடங்கு போட்டார்கள். மலையில் கொழுந்து பறிப்பது நிற்கவில்லை. தோட்ட டிஸ்பென்சரியும் பூட்டப்படவில்லை. அன்றிலிருந்து நம் மிட்வைப் அம்மா ஓய்ந்து உட்கார்ந்ததை யாராவது பார்த்தீர்களா? பகலில் கர்ப்பிணிகளுக்கான கிளினிக், பிறகு லயம் லயமாகக் காய்ச்சல் விசாரிப்பு, இரவில் பிரசவ வலி என்று கதவு தட்டும் சத்தம். அவரே படுத்துவிட்டால் பதிலுக்கு வர ஆள் இல்லை.

தோட்ட மருத்துவ ஊழியர்கள் பலருக்குச் சம்பளம் கொடுப்பது கம்பனி. கொரோனா வேலையைச் சொன்னது சுகாதார அமைச்சு. இருவருக்கும் நடுவில் அவர்கள் நிற்கிறார்கள். ஆகவே இருவரிடமும் சேர்த்தே கேட்போம்: போதிய முகக்கவசமும் கையுறையும், இரவு அழைப்புக்கு வாகனம், மேலதிக நேரத்துக்குக் கொடுப்பனவு, தனிமைப்படுத்தப்பட்ட நாட்களுக்கு முழுச் சம்பளம், பதிலாள்.

நம் பக்கத்திலும் தவறு உண்டு. "மிட்வைப் மகள் பக்கத்தில் உட்காராதே" என்று வீட்டில் சொல்லி அனுப்பியதை ஒரு பிள்ளை வகுப்பில் என்னிடமே சொன்னது. தலைகுனிந்தேன். நம் பிள்ளைகளை முதலில் கையில் ஏந்தியவர் அவர். அவரும் தொழிலாளி. அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் முதல் பேச்சு இதுவாக இருக்கட்டும்.