பிறப்பின் அசலை எங்கே எடுப்பது?

சின்னம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் ஒரு ஃபிளட்டில் இருக்கிறார். போன மாதம் அவரோடு ஓர் அரச அலுவலகத்துக்குப் போனேன். மொழிபெயர்க்கத்தான். நான் கொட்டாஞ்சேனையில் வளர்ந்த ஆள் என்பதால், குடும்பத்தில் யாருக்குச் சிங்களத்தில் அலுவல் இருந்தாலும் எனக்குத்தான் கோல் வரும். நான் போட்டோக்கொப்பி எடுக்க வெளியே போன பத்து நிமிஷத்துக்குள் சின்னம்மாவின் இலக்கத்தைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அலுவலர் நல்ல மனிசன். தமிழ் தெரியாது. ஆனால் எரிந்து விழவில்லை, சிங்களம் தெரிந்த ஆளைக் கூட்டிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பவும் இல்லை. தன்னுடைய போனை எடுத்துச் சிங்களத்தில் டைப் பண்ணி, வந்த தமிழைச் சின்னம்மாவிடம் நீட்டினார். நான் உள்ளே வரும்போது சின்னம்மா அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாளை பிறப்பின் அசலைக் கொண்டு வாருங்கள்."

"பிறப்பின்ர அசலை நான் எங்க போய் எடுக்கிறது பிள்ளை?"

அவர் கேட்டது பிறப்புச் சான்றிதழின் மூலப்பிரதியை. பேச்சுச் சிங்களத்தில் பிறப்புச் சான்றிதழை 'உப்பென்ன' என்பார்கள். ஆப்புக்கு அது வெறும் பிறப்பு. விளங்கப்படுத்தியதும் மூன்று பேரும் சிரித்தோம். திரும்பி பஸ்ஸில் வரும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் கூடப் போயிருக்காவிட்டால், சின்னம்மா அடுத்த நாள் எதைக் கொண்டுபோய் அந்த வரிசையில் நின்றிருப்பார்?

கம்பஸில் இப்போது அடிக்கடி கேட்கிற ஒரு வசனம் இருக்கிறது. "போன் இருக்கு, டிரான்ஸ்லேட் இருக்கு, யூடியூப்பில ஃப்ரீயா கிளாஸ் இருக்கு, இனி என்ன மொழிப் பிரச்சினை?" இந்தக் கட்டுரை அதற்கான என் பதில்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் இவற்றுக்கு எதிரான ஆள் இல்லை. கொட்டாஞ்சேனையில் வளர்ந்த பலரைப் போல எனக்கும் சிங்களம் கதைக்கத் தெரியும், வாசிக்கத் தெரியாது. ஒழுங்கையில் கிரிக்கெட் விளையாடி வந்த சிங்களம் அது. 2020இல் கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்களைப் பூட்டி, பாடமெல்லாம் வட்ஸ்அப்பில் வந்துகொண்டிருந்த நாட்களில்தான் யூடியூப் பார்த்துச் சிங்கள எழுத்துகளைப் பழகினேன். பிறகு பேஸ்புக்கில் சிங்கள மீம்ஸ். ஒரு மீமை எழுத்துக்கூட்டி வாசித்து, விளங்கி, தனியாக இருந்து சிரித்த அந்த இரவு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ரியூசனுக்குக் கட்டக் காசில்லாத வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

அதுவும் எங்களுக்குச் சிங்களம் நினைக்கிற அளவு தூரமான மொழி இல்லை. சொல் வருகிற ஒழுங்கு கிட்டத்தட்ட ஒன்றுதான். 'வாறன் எண்டு சொன்னார்' என்பதை 'எனவா கியலா கிவ்வா' என்று சொல்லுக்குச் சொல் வைக்கலாம். 'எண்டு' இருக்கிற இடத்தில் அப்படியே 'கியலா'. எங்களுக்குப் போறன், போறாய், போறார் என்று ஆளுக்கு ஆள் வினை மாறும். பேச்சுச் சிங்களத்தில் மம யனவா, ஒயா யனவா, எயா யனவா, எல்லாருக்கும் ஒரே 'யனவா'. தமிழிலிருந்து நேரடியாகச் சிங்களம் சொல்லித்தருகிற ஒரு நல்ல வீடியோ இதை அரை மணித்தியாலத்தில் விளங்கவைத்துவிடும். பெரிய நிறுவனங்கள் இந்த வேலையைச் செய்யும் என்று காத்திருக்க ஏலாது. டுவோலிங்கோவில் ஸ்டார் ட்ரெக் தொடரில் வருகிற கிளிங்கன் மொழிக்குப் பாடம் இருக்கிறது. நான் தேடியபோது சிங்களத்துக்கும் இல்லை, தமிழுக்கும் இல்லை. கூகுள் டிரான்ஸ்லேட்டில் தமிழ் வந்தது 2011இல், சிங்களம் 2014இல்தான். ஆகவே தன் அறையில் இருந்து போனைச் செங்குத்தாக வைத்துப் பாடம் எடுக்கிற ஆட்களை நான் மதிக்கிறேன்.

என்றாலும் இந்த வழியில் படித்து நான் மூன்று இடங்களில் சறுக்கியிருக்கிறேன்.

முதலாவது, ஒலி. யூடியூப்பிலும் பேஸ்புக்கிலும் என் கண்ணில் படுகிற முக்கால்வாசிப் பாடங்களில் சிங்களச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிப் போடுகிறார்கள். சீக்கிரம் மனப்பாடம் பண்ணலாம், உண்மை. ஆனால் தமிழ் எழுத்தில் 'கல்' என்று எழுதினால், அது சிங்களத்தில் கல்லாகவும் இருக்கலாம், காலமாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் முதல் எழுத்து வேறு, ஒலியும் வேறு. பழத்தில் வருகிற 'ப'வும் பஸ்ஸில் வருகிற 'ப'வும் எங்களுக்கு ஒரே எழுத்து, அவர்களுக்கு இரண்டு. 83 ஜூலையில் வாளிக்குரிய சிங்களச் சொல்லான 'பால்திய'வைச் சொல்லச் சொல்லிக் கேட்டு, சொல்லுகிற விதத்தை வைத்துத் தமிழர்களைப் பிரித்தெடுத்த கதை கொழும்புத் தமிழ் வீடுகளில் இன்றும் இருக்கிறது. எங்கள் வீட்டில் அம்மம்மா சொல்லுவார். எழுத்தைப் பழகாமல் முப்பது நாளில் சிங்களம் பேசலாம் என்று ஒரு வீடியோ சொல்லும்போது எனக்கு அந்த வாளிதான் ஞாபகம் வரும்.

இரண்டாவது, யாரை என்ன சொல்லிக் கூப்பிடுவது. கம்பஸில் என் பட்ச்சில் குருநாகல் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். ஒருநாள் அவளுடைய அம்மா வீடியோ கோலில் வந்தபோது, நான் பாடத்தில் படித்தபடி 'ஒயா' போட்டுச் சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். நீங்கள் என்பதற்கு ஒயா என்றுதானே அந்த வீடியோவில் இருந்தது. கோல் முடிந்ததும் அவள் சொன்னாள், "எங்கட அம்மாவை ஒயா எண்டு கூப்பிடாத. அம்மா எண்டே சொல்லு, அம்மா கேவத எண்டு கேள்." பெரியவர்களை உறவுப் பெயரால்தான் கூப்பிட வேண்டும், அதுவும் எங்கள் வீடுகளைப் போலவே. ஆப்பில் பார்த்தால் 'ஒப' என்று வருகிறது. அதை நான் பஸ்ஸில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அவளும் சும்மா இல்லை. தமிழ்ப் படமும் ரீல்ஸும் பார்த்துத் தமிழ் பழகுகிற ஆள். எங்கள் வீட்டுக்கு வந்தபோது அம்மம்மாவைப் பார்த்து, "பாட்டி, சாப்பிட்டியா?" என்றாள். அம்மம்மா சிரித்துப் புரையேறிவிட்டார். பிறகு பக்கத்தில் இருத்தி, "சாப்பிட்டீங்களா எண்டு கேக்கோணும் மகள்" என்று மூன்று தரம் சொல்லவைத்தார். இரண்டு பேரும் ஒரே பிழையைத்தான் விட்டோம். ஒரு வீடியோவுக்குக் கேட்கிற ஆளின் வயது தெரியாது, முன்னால் நிற்கிற ஆளின் முகமும் தெரியாது. எங்களைத் திருத்தியது அவளும் அம்மம்மாவும்தான்.

மூன்றாவதுதான் எனக்குப் பயம் தருவது. கதைக்க மட்டும் தெரிந்து வாசிக்கத் தெரியாமல் இருப்பது. 2018 மார்ச்சில் திகனையில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது, அதற்கு முன்னும் பின்னும் பேஸ்புக்கில் சிங்களத்தில் எவ்வளவோ எழுதப்பட்டது. அரசாங்கம் சில நாட்கள் சமூக வலைத்தளங்களையே முடக்கியது. 2020இல் பேஸ்புக் நிறுவனம் அந்த வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக மன்னிப்புக் கேட்டது. அப்போது எனக்கு ஒரு சிங்கள எழுத்துத் தெரியாது. தமிழ் பேசுகிற ஆட்களைப் பற்றி, அவர்கள் நாள் முழுக்க ஸ்க்ரோல் பண்ணுகிற அதே தளத்தில், அவர்களால் வாசிக்க ஏலாத எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தார்கள். 2022இல் காலிமுகத்திடலில் தேசிய கீதத்தைத் தமிழிலும் பாடியபோது, அதன் கீழே சிங்களத்தில் வந்த கருத்துகளை நான் வாசித்தேன். திட்டியவர்களும் இருந்தார்கள், அந்தத் திட்டுக்குச் சிங்களத்திலேயே பதில் சொன்ன சிங்களப் பெடியன்களும் இருந்தார்கள். வாசிக்கத் தெரிந்ததால்தான் இரண்டையும் கண்டேன்.

இனி அலுவலகத்துக்கு வருவோம். அந்த அலுவலர் போனை நீட்டியது அவருடைய நல்ல மனசு. ஆனால் அவர் போனை நீட்ட வேண்டிய நிலை ஏன் வந்தது? 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. 1987இல் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியானது. 2007 ஜூலைக்குப் பிறகு அரச சேவையில் சேருகிறவர்கள் ஐந்து வருஷத்துக்குள் மற்ற அரசகரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்று சுற்றறிக்கை இருக்கிறது. 2012இல் அப்துல் கலாமையே கொழும்புக்குக் கூப்பிட்டு, மும்மொழி இலங்கைக்கான பத்து வருஷத் திட்டத்தைத் தொடங்கினார்கள். அந்தப் பத்து வருஷமும் போய், நாங்கள் இன்னமும் சின்னம்மாமாரைக் கூட்டிக்கொண்டு திரிகிறோம். இப்போது அந்த இடைவெளிக்குள் ஒரு இலவச ஆப் வந்து உட்கார்ந்திருக்கிறது. மொழிபெயர்ப்பாளரை நியமிக்காமல் விடுவதற்கு அது ஒரு சாட்டாகிவிடக்கூடாது. தமிழில் அலுவல் பார்ப்பது எங்களுக்கு அரசியலமைப்பு தந்த உரிமை. அந்த உரிமை 'பிறப்பின் அசல்' என்கிற தமிழில் வந்தால் போதாது.

அப்படியென்றால் நாங்கள் என்ன செய்யலாம்? நானும் என் நண்பியும் செய்வதைச் சொல்கிறேன். ஒவ்வொரு நாளும் நான் அவளுக்குச் சிங்களத்தில் ஒரு வொய்ஸ் நோட், அவள் எனக்குத் தமிழில் ஒன்று. ஒரு நிமிஷம் போதும். பஸ்ஸில் நடந்தது, கன்டீனில் சாப்பிட்டது, எதுவும். பிழையைத் திருத்திப் பதில் அனுப்ப வேண்டும், சிரிக்கலாம். டேட்டாவும் பெரிதாகப் போகாது. வீடியோவில் படிக்கிற சொற்களை அன்றைக்கே ஒரு ஆளிடம் பாவிக்க இது ஒரு வழி. கம்பஸில் தமிழ்ப் பிள்ளைகள் ஒரு பக்கம், சிங்களப் பிள்ளைகள் ஒரு பக்கம் என்று சாப்பிடுகிற மேசைகளைத் தாண்டவும் இது உதவியது.

வீடியோ செய்கிற நண்பர்களிடம் இரண்டு கோரிக்கைகள். சிங்களம் சொல்லிக்கொடுத்தால் எழுத்திலிருந்து தொடங்குங்கள். அதோடு சிங்களப் பிள்ளைகளுக்கு எங்கள் தமிழையும் சொல்லிக்கொடுங்கள். சினிமாத் தமிழ் அவர்களுக்குத் தாராளமாகக் கிடைக்கிறது. கொட்டாஞ்சேனையிலும் மட்டக்களப்பிலும் ஹட்டனிலும் கதைக்கிற தமிழ்தான் கிடைப்பதில்லை. படிக்கிற வேலை முழுக்க எங்கள் பக்கமே இருந்தால், அது கடைசியில் நாங்கள் சமாளிக்கப் பழகுவதாக மட்டும்தான் முடியும்.

அடுத்த நாள் சின்னம்மாவின் பிறப்புச் சான்றிதழோடு மறுபடி போனோம். அலுவலர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, இதுக்குத் தமிழில் என்ன சொல்லுவீர்கள் என்று என்னிடம் சிங்களத்தில் கேட்டார். சொன்னேன். 'பிறப்புச் சான்றிதழ்' என்று சிங்கள எழுத்தில் ஒரு துண்டில் எழுதி, மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்தார். இன்னும் பத்துச் சொல் சொல்லித்தர முடியுமா என்றார். பின்னால் வரிசை நீளமாக இருந்ததால் ஆறு சொல்தான் சொல்ல முடிந்தது.