வேலைக்குப் போட ஒரு சட்டை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

2019-இல் மாவட்டத் தலைநகராகிவிட்ட கள்ளக்குறிச்சியில் கல்யாணப் பட்டு வாங்கலாம், கல் வைத்த லெஹங்கா வாங்கலாம். பூவும் எழுத்தும் ஜிகினாவும் இல்லாமல், வேர்வையை உறிஞ்சுகிற ஒரு பருத்திச் சட்டையோ கவுனோ கேட்டால் மட்டும், "பிளைனா? அதெல்லாம் இப்ப யாரும் கேக்கறது இல்லங்க" என்று பதில் வருகிறது. நான் கேட்கிறேன். என்னிடம் தைக்க வருகிறவர்களும் கேட்கிறார்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கல்வராயன் மலையடிவாரத்தில், கச்சிராயபாளையத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். மலையில் இருந்து இறங்கி வந்து துணி எடுப்பவர்கள் ஆல்டர் செய்ய என்னிடம் வருவார்கள். அவர்கள் பையைப் பிரித்தாலே கடைத்தெருவின் நிலவரம் தெரிந்துவிடும். பையன்களின் பனியன் சட்டையில் நெஞ்சு முழுக்க இங்கிலீஷ் எழுத்து. அந்த ரப்பர் பிரின்ட் இருக்கும் இடத்தில் காற்றே புகாது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பெற்றவர்களுக்குத் தெரியாததும் நல்லதுதான், சிலவற்றை வாய்விட்டுப் படிக்க முடியாது. சிறு பெண் பிள்ளைகளின் கவுனில் நெட்டும் சம்கியும். குழந்தையின் கழுத்தெல்லாம் தடித்துப்போய், உள்ளே பருத்தி லைனிங் வைத்துத் தரச் சொல்லி வருகிறார்கள். புதுத் துணியின் விலையில் பாதி அதற்கே போய்விடும். அறுபது வயது அம்மாவுக்கு நைட்டி என்றால் அதிலும் லேஸ், அதிலும் மினுமினுப்பு.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களைப் பாருங்கள். கரும்புத் தோட்டத்தில், மரவள்ளிக் காட்டில், மக்காச்சோளம் ஒடிக்கும் இடத்தில் பாருங்கள். சேலைக்கு மேல் ஓர் ஆண் சட்டை. கணவனோ மகனோ போட்டுக் கழித்தது. வெயிலுக்கும் கரும்புச் சோகை அறுப்புக்கும் வேறு வழி இல்லாமல் பெண்கள் தாங்களாகக் கண்டுபிடித்த உடுப்பு அது. தோள் தொங்கும், மார்பில் பொத்தான் இழுக்கும், கைமுனை களைக்கொத்தில் மாட்டும். தமிழ்நாட்டில் எந்த மாவட்டத்துக்குப் போனாலும் இந்தக் கோலத்தில் பெண்களைப் பார்க்கலாம். அவர்கள் அளவுக்கு அப்படி ஒரு சட்டையைத் தைத்து விற்க வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. நான் தைத்துத் தரலாம்தான். அதற்கு ஏற்ற கெட்டியான, ஒரே நிறப் பருத்தித் துணி மீட்டர் கணக்கில் இங்கே சுலபத்தில் அகப்படுவதில்லை. கிடைப்பது பாலியஸ்டர் கலந்தது. பருத்தி என்று சொல்லி விற்பதும் பெரும்பாலும் அதுதான். ஒரு நூலைப் பிரித்துக் கொளுத்தினால் சாம்பலாகிறதா, உருகி உருண்டையாகிறதா என்று பார்த்துத்தான் நாங்கள் நம்புகிறோம்.

பிளைன் என்றால் வெள்ளைச் சட்டை இருக்கிறதே என்பார்கள். வேண்டிய மட்டும் இருக்கிறது. அது மேடை ஏறுபவர்களுக்கு. கிழங்கு பிடுங்குகிறவர்களுக்கு ஒரே நாளில் செம்மண் நிறமாகிவிடும். பெருநகரங்களில் அலங்காரமே இல்லாத கைத்தறிச் சட்டைகளைக் கண்ணாடிக் கடையில் மாட்டி ஆயிரக்கணக்கில் விலை போடுகிறார்கள். எளிமை அங்கே நாகரிகம். இங்கே ஏழைக்குப் பளபளப்புத்தான் பிடிக்கும் என்று யாரோ முடிவு செய்துவிட்டார்கள்.

காரணம் கடைக்காரர் மட்டும் இல்லை என்பது எனக்கும் தெரியும். 2022-இல் 356 கிலோ கொண்ட ஒரு கேண்டி பஞ்சு லட்ச ரூபாயைத் தாண்டியது. நூல் விலை ஏறினால் முதலில் காணாமல் போவது விலை குறைந்த பருத்தித் துணிதான். பாலியஸ்டர் மலிவு, அதன் மேல் நாலு பூவை அச்சடித்துவிட்டால் துணியின் தரத்தை யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் செயற்கை இழைக்கான ஜிஎஸ்டியையும் 18 சதவீதத்தில் இருந்து 5 ஆகக் குறைத்துவிட்டார்கள். ஆலைக்காரர்களுக்கு நிம்மதி, இருக்கட்டும். அந்தத் துணியை உடுத்திக்கொண்டு விறகடுப்பின் முன்னால் குந்தி உட்காருகிறவர்களை யார் நினைத்தார்கள்? பருத்தியும் தீப்பிடிக்கும், மறுக்கவில்லை. பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். மலைக் கிராமங்களில் பல வீடுகளில் இன்றும் விறகடுப்புத்தான்.

அரசு தலையிடுகிற விஷயமா இது என்று கேட்கலாம். முன்பு தலையிட்டிருக்கிறது. 1964-இல் வேட்டி, சேலை, லாங்கிளாத், சட்டைத்துணி, டிரில் ஆகிய ஐந்து வகைகளுக்கு மத்திய அரசு விலைக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. பெரியவர்கள் கன்ட்ரோல் துணி என்பார்களே, அது. 1976-இல் கைத்தறியில் மலிவு விலை ஜனதா துணி வந்தது. முரட்டுத் துணி, சாயம் போகும், சீக்கிரம் கிழியும் என்று பேச்சு உண்டு. அந்தத் தரத்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கவில்லை. கூலி வேலை செய்பவருக்கு ஒரு சாதாரணத் துணி கைக்கெட்டும் விலையில் கிடைக்க வேண்டும் என்பதை அன்றைக்கு ஓர் அரசு தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டது.

இன்றும் அரசு துணியை மொத்தமாக வாங்குகிறது. சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு நான்கு செட் சீருடை தருகிறார்கள். அதைத் தைப்பது மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களில் இருக்கும் என்னைப் போன்ற பெண்கள். பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் மெஷினுக்கு ஓய்வே இல்லை. பிறகு பல மாதம் அதன் மேல் தூசு படிகிறது. 1983 முதல் பொங்கலுக்கு விலையில்லா வேட்டி சேலையும் கொடுத்து வருகிறார்கள். ஆக நெய்ய ஆள் இருக்கிறது, தைக்க ஆள் இருக்கிறது, கொண்டுபோய்ச் சேர்க்க ரேஷன் கடை இருக்கிறது.

கோ-ஆப்டெக்ஸ் நிறுவனமும் கைத்தறித் துறையும் செய்ய வேண்டியது இதுதான்: ஒரே நிறப் பருத்தித் துணியை மீட்டர் கணக்கில், தீபாவளித் தள்ளுபடிக்குக் காத்திருக்க வைக்காமல், ஆண்டு முழுவதும் இந்த மாவட்டத்தில் விற்க வேண்டும். மலைமேல் இருக்கும் வெள்ளிமலைக்கும் கரியாலூருக்கும் ஒரு வண்டியில் கொண்டுவந்தால் மலை மக்களுக்குப் பஸ் செலவு மிச்சம். வேலைச் சட்டை தைக்கும் பணியைத் தையல் சங்கங்களுக்குக் கொடுக்கலாம்; எனக்கும் வேலை கிடைக்கும் என்ற சுயநலம் இதில் உண்டு, ஒளிக்கவில்லை. துணியில் என்ன இழை எவ்வளவு கலந்திருக்கிறது என்று குறிக்க வேண்டும் என்ற விதி 1988 முதல் இருக்கிறது. அதிகாரிகள் கடைகளில் ஒரு தடவை புரட்டிப் பார்க்கட்டும், நாங்கள் தீக்குச்சி கிழித்துப் பார்ப்பதை நிறுத்திக்கொள்கிறோம்.

சட்டை எப்படி இருக்க வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். பிடரியை மூடும் காலர். மணிக்கட்டில் பொத்தான் போட்ட முழுக்கை. சேலைக் கட்டுக்கு மேல் உட்காருகிற மாதிரி மார்பிலும் இடுப்பிலும் தாராளம். செல்போனும் வெற்றிலைப் பையும் விழாமல் இருக்க இரண்டு ஆழமான பாக்கெட். மண்ணும் கிழங்குப் பாலும் தெரியாத காக்கி, சாம்பல், காப்பிக் கலர். துணி கொடுத்தால் மாதிரிக்கு ஒன்றைக் கூலி வாங்காமல் தைத்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
தையல்காரப் பெண் ஒருவர்,
கச்சிராயபாளையம்.