பாட்டு திக்குதுன்னு 90,000 ரூபாய்க்கு லேப்டாப் வாங்காதீங்க



பகல்ல சரவணம்பட்டியிலயோ பீளமேட்டுலயோ ஆபீஸ். ராத்திரி வீட்டுக்கு வந்து ஹெட்ஃபோன மாட்டினா பாட்டு கம்போசிங், ஷார்ட் ஃபிலிமுக்கு பேக்ரவுண்ட் மியூசிக், பாட்காஸ்ட் எடிட்டிங். நம்ம சேனல் பாக்குறவங்கள்ல இப்படி ரெண்டு வேலை பாக்குறவங்க கணிசமா இருக்கீங்க. உங்க எல்லாருக்கும் ஒரே தலைவலி. லேப்டாப் வாங்கி ஏழெட்டு வருஷம் ஆச்சு. நல்லா சத்தம் தர்ற ரிவர்ப், சிந்த், ஆம்ப் பிளகின்னு நாலு போட்டதும் பாட்டு திக்க ஆரம்பிக்குது. சி.பி.யூ. மீட்டர் சிவப்புக்குப் போகுது. அதே நேரத்துல போன்ல "நோ காஸ்ட் ஈ.எம்.ஐ., மாசம் வெறும் 5,000"னு விளம்பரம் வருது.

என் கருத்த முதல்லயே சொல்லிடறேன். இப்போதைக்கு வாங்காதீங்க. அந்த லேப்டாப்ல பாதிக்கு மேல உயிர் மிச்சம் இருக்கு. உங்க சம்பளத்துல ஒன்றரை வருஷத்துக்கு ஓட்டை போடுற அளவுக்கு அது இன்னும் கெட்டுப் போகல.

முதல்ல காசு கணக்கு

5,000 ரூபாய் வீதம் 18 மாசம். மொத்தம் 90,000. "நோ காஸ்ட்"னு பேர் இருந்தாலும் பேங்க் வட்டி வாங்காம விடாது. கடைக்காரர் அந்த வட்டிக்குச் சமமா விலையில முன்கூட்டியே கழிச்சிடுவார், அவ்வளவுதான். கிரெடிட் கார்டு ஈ.எம்.ஐ. வட்டி 16 சதவீதம்னு வெச்சுக்குவோம். இந்தக் கடன்ல வட்டி மட்டும் சுமார் 10,460 ரூபாய். அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. சுமார் 1,880 ரூபாய். இத யாரும் கழிச்சுத் தர மாட்டாங்க, உங்க தலையிலதான் விழும். பிராசஸிங் ஃபீஸ் தனி. ஜீரோ சதவீத வட்டிங்கற ஒண்ணே உண்மையில கிடையாதுன்னு ரிசர்வ் பேங்க் 2013-லயே பேங்குகளுக்குச் சொல்லிடுச்சு. பேர் மட்டும்தான் மாறியிருக்கு.

இப்ப திருப்பிப் போடுங்க. அதே 5,000-ஐ 6.5 சதவீத வட்டி தர்ற ஆர்.டி.ல 18 மாசம் போட்டா கையில சுமார் 94,750 வரும். அப்பவும் லேப்டாப் தேவைப்பட்டா ரொக்கமா வாங்கலாம். தேவைப்படலைன்னா அது உங்க எமர்ஜென்சி ஃபண்ட். நடுவுல வேலை போனா ஆர்.டி.ய நிறுத்தலாம். ஈ.எம்.ஐ.ய நிறுத்த முடியாது. ஐ.டி.ல இருக்கறவங்களுக்கு இந்த வித்தியாசத்த நான் விளக்க வேண்டியதில்ல.

ஏன் திக்குது?

கம்ப்யூட்டர் சத்தத்த சின்னச் சின்னத் துண்டா வெட்டி வேலை பாக்குது. ஒரு துண்டோட அளவுதான் பஃபர் சைஸ். 48,000 சாம்பிள் ரேட்ல பஃபர் 256-னு வெச்சா, ஒவ்வொரு துண்டுக்கும் 5.3 மில்லி செகண்டுதான் டைம். அதுக்குள்ள எல்லா பிளகினும் கணக்க முடிச்சுக் குடுக்கணும். முடிக்கலைன்னா அந்த இடத்துல "டிக்"குனு ஒரு ஓட்டை விழும். 1024-னு மாத்துங்க, டைம் 21.3 மில்லி செகண்ட் ஆயிடும். அதே லேப்டாப், அதே பிளகின், நாலு மடங்கு அவகாசம்.

இன்னொரு விஷயம் கடைக்காரர் சொல்ல மாட்டார். ஒரு டிராக்ல வரிசையா ஆறு பிளகின் போட்டா, ஒண்ணு முடிஞ்சாதான் அடுத்தது ஆரம்பிக்க முடியும். அதனால அந்த வரிசை முழுக்க பெரும்பாலும் ஒரே கோர்லதான் ஓடும். மாஸ்டர் டிராக்ல கனமான பிளகின அடுக்கி வெச்சிருந்தா, 16 கோர் லேப்டாப் வாங்கினாலும் ஒரு கோர் மூச்சு வாங்கும், மத்தது வேடிக்கை பாக்கும்.

ஃபுட் வால்வு, காயில், கடைசியா புது மோட்டார்

நம்ம ஊர் பம்ப்செட்டுக்குப் பேர் போன ஊர். கிணத்து மோட்டார்ல தண்ணி ஏறலைன்னா நம்ம வீட்டுப் பெரியவங்க என்ன பண்ணுவாங்க? முதல்ல ஃபுட் வால்வப் பாப்பாங்க. காயில் கருகியிருந்தா ரீவைண்டிங் கடைக்குத் தூக்கிட்டுப் போவாங்க. புது மோட்டார் கடைசிப் பேச்சு. தோட்டத்துல இவ்வளவு நிதானமா இருக்கற நாம, லேப்டாப்னு வந்தா மட்டும் நேரா புது மோட்டாருக்குப் போறோம். அதே வரிசையில போவோம்.

ஃபுட் வால்வு: செலவு பூஜ்யம்

1. பாடும்போதும் வாசிக்கும்போதும் பஃபர் 128 இல்ல 256. மிக்ஸிங்ல உக்காந்ததும் 1024. ரெண்டு வேலைக்கும் ஒரே செட்டிங் வெச்சிருக்கறதுதான் பாதி பேரோட பிரச்சனை.

2. பத்து டிராக்ல பத்து ரிவர்ப் போடாதீங்க. தனியா ஒரு ரிவர்ப் டிராக் வெச்சு எல்லாத்தையும் அதுக்கு சென்ட் பண்ணுங்க. சுமை பத்துல ஒண்ணாகும். எல்லாம் ஒரே அறையில வாசிச்ச மாதிரி சத்தமும் ஒட்டி வரும்.

3. முடிஞ்ச டிராக்க ஃப்ரீஸ் பண்ணுங்க. கியூபேஸ், ரீப்பர், ஏபிள்டன்னு பெரும்பாலான சாஃப்ட்வேர்ல இந்த வசதி இருக்கு. சிந்த், ஆம்ப் எல்லாம் ஆடியோ ஃபைலா மாறிடும், சி.பி.யூ.வுக்கு ரெஸ்ட். மாத்தணும்னா அன்ஃப்ரீஸ் பண்ணிக்கலாம்.

4. ஓவர்சாம்ப்ளிங், ஹெச்.க்யூ. மோடு எல்லாம் வேலை நடக்கும்போது ஆஃப். கடைசி எக்ஸ்போர்ட்ல மட்டும் ஆன். மாஸ்டர்ல போடுற லிமிட்டர், லீனியர் ஃபேஸ் ஈக்வலைசர் எல்லாம் கடைசி நாள்ல போட்டா போதும்.

5. ஆடியோ இன்டர்ஃபேஸ் இருந்தா அந்தக் கம்பெனியோட சொந்த ஏசியோ டிரைவரப் போடுங்க. விண்டோஸ் பவர் பிளான்ல ஹை பெர்ஃபார்மன்ஸ் வைங்க. ரெக்கார்டிங் நேரத்துல வைஃபைய அணைங்க. லேட்டன்சிமான்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு. எந்த டிரைவர் குறுக்க நிக்குதுன்னு அது காட்டிக் குடுக்கும்.

ஃப்ரீஸ் பண்றது என்னமோ இல்லாதவங்க பண்ற வேலைன்னு நினைக்காதீங்க. பீட்டில்ஸ் 1967-ல வெளியிட்ட சார்ஜன்ட் பெப்பர் ஆல்பம் நாலு டிராக் டேப் மெஷின்ல ரெக்கார்ட் ஆனது. நாலும் நிறைஞ்சா, அத மிக்ஸ் பண்ணி இன்னொரு டேப்புக்கு மாத்தி, இடம் காலி பண்ணி மேல வாசிச்சாங்க. நாம பண்ற ஃப்ரீஸும் கிட்டத்தட்ட அதேதான். அந்த ஸ்டுடியோவுக்கு அப்ப பேரு என்ன தெரியுமா? ஈ.எம்.ஐ. ஸ்டுடியோஸ். நமக்கு வேணாம்னு சொல்ற ஈ.எம்.ஐ. அது இல்லீங்க!

காயில்: 10,000 ரூபாய்க்குள்ள

இதுக்கு மேல ஒரு பைசா இல்லைன்னு உச்சவரம்பு வெச்சுட்டு ஆரம்பிங்க.

முதல்ல சுத்தம். சூடு ஏறினா பிராசஸர் தன்னைக் காப்பாத்திக்க வேகத்தக் குறைச்சுக்கும். திருப்பூர்ல பனியன் கம்பெனி பக்கம் குடியிருக்கறவங்க லேப்டாப்பத் திறந்து பாருங்க, ஃபேனுக்குள்ள பஞ்சுதான் இருக்கும். காந்திபுரம் பக்கம் ஒரு சர்வீஸ் கடையில குடுத்து சுத்தம் பண்ணி தெர்மல் பேஸ்ட் மாத்தச் சொல்லுங்க.

அடுத்து எஸ்.எஸ்.டி. இன்னும் பழைய ஹார்ட் டிஸ்க்ல ஓட்டிட்டு இருந்தா, உங்களுக்கு இதுதான் பெரிய மாற்றம். ஹார்ட் டிஸ்க் செகண்டுக்கு 100 எம்.பி. சுத்தி படிக்கும், சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி.யே 500 கிட்டப் படிக்கும். வீணை, தவில், ஸ்டிரிங்ஸ்னு சாம்பிள் லைப்ரரி வெச்சு வாசிக்கறவங்களுக்கு இந்த வேகம்தான் உயிர்.

மூணாவது ரேம். 8 ஜி.பி. இருந்தா 16 ஆக்குங்க. ஆனா ஒரு எச்சரிக்கை. ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் மெமரிய வாரி வாங்கறதால 2025 கடைசியில இருந்து ரேம் விலை கடுமையா ஏறிடுச்சு. பழைய வீடியோல பாத்த விலைய நம்பிப் போகாதீங்க, மூணு கடையில கேளுங்க. ரேம் எல்லாருக்கும் தேவையும் இல்ல. டாஸ்க் மேனேஜரத் திறந்து பாருங்க. மெமரி நிறையலைன்னா ரேம் வாங்கறது வீண் செலவு.

பாக்கெட்ல இருக்கற ஓட்டை

பழைய மெஷின் ஆளுங்க மாட்டிக்கற குழி ரெண்டு இருக்கு.

ஒண்ணு, மாச சந்தா. 2023 மார்ச்ல வேவ்ஸ் கம்பெனி இனிமே பிளகின தனித்தனியா விக்க மாட்டோம், சந்தா மட்டும்தான்னு அறிவிச்சுது. பயனாளிகள் கொதிச்சதும் சில நாள்லயே பின்வாங்கிடுச்சு. ஆனா காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு புரிஞ்சுக்குங்க. பயன்படுத்தாத மாசத்துக்கும் காசு போற எதுவும் ஈ.எம்.ஐ.யோட தம்பிதான். வல்ஹல்லா சூப்பர்மாசிவ், டி.டி.ஆர். நோவா மாதிரி தரமான பிளகின் இலவசமாவே இருக்கு.

ரெண்டு, கிராக். 20,000 ரூபாய் பிளகின் டெலிகிராம்ல சும்மா கிடைக்குதுன்னு ஆன்டிவைரஸ அணைச்சுட்டு இன்ஸ்டால் பண்றீங்க. அதே லேப்டாப்ல சம்பள அக்கவுண்ட் நெட் பேங்கிங் திறக்கறீங்க. பாஸ்வேர்டு திருடுற வைரஸ் வர்றதுக்கு நீங்களே கதவத் திறந்து வெச்ச மாதிரி. பணம் போனா உடனே 1930-க்குக் கூப்பிடணும்தான், ஆனா போன பணம் மொத்தமும் திரும்பும்னு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

இதோட சேர்ந்தது விண்டோஸ் 10 விஷயம். 2025 அக்டோபர் 14-ஓட அதுக்கு வழக்கமான சப்போர்ட் முடிஞ்சுது. வீட்டு உபயோகத்துக்கு, பதிவு பண்ணிக்கிட்டா 2026 அக்டோபர் 13 வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் உண்டு. "விண்டோஸ் 11 ஏறாது, அதனால லேப்டாப் வேஸ்ட்"னு சொல்றவங்கள நம்பாதீங்க. அத பாட்டுக்கு மட்டும்னு ஒதுக்கி, நெட்ல இருந்து பிரிச்சு வைங்க. பேங்க் வேலை அதுல வேண்டாம். ரீப்பருக்கு லினக்ஸ் பதிப்பும் இருக்கு.

அப்ப புதுசு எப்பதான் வாங்கறது?

வாங்கவே கூடாதுன்னு நான் சொல்லல. நேரம் கூட காசுதான்னு நீங்க கேக்கலாம். நியாயமான கேள்வி. ராத்திரி ரெண்டு மணி நேரம்தான் கிடைக்குது, அதுல அரை மணி நேரம் ஃப்ரீஸ், அன்ஃப்ரீஸ்னு போனா எரிச்சல் வரும். ஆம்ப் பிளகின் வழியா கிட்டார லைவா வாசிக்கறவங்களுக்கு பஃபர ஏத்தவும் வழியில்ல. சில மெல்லிசு லேப்டாப்ல ரேம் போர்டோட ஒட்டியே வரும், ஏத்த முடியாது. இவங்களுக்கெல்லாம் எல்லை சீக்கிரமே வந்துடும்.

அதுக்கு என் விதி ஒண்ணுதான். பாட்டுக்கான மெஷின பாட்டுல வந்த காசுல வாங்குங்க. சைடு வருமானத்துக்குன்னு தனியா ஒரு சேவிங்ஸ் அக்கவுண்ட் திறங்க. ஷார்ட் ஃபிலிமுக்கு வாங்கின 3,000, பாட்காஸ்ட் எடிட்டிங்ல வந்த 1,500, எல்லாம் அதுக்குள்ள. அதுல முழு விலை சேர்ந்த அன்னைக்கு யார்கிட்டயும் கேக்காம போய் வாங்குங்க. இல்ல, மெஷின் தாங்காததால கைக்கு வந்த ஆர்டர் ரெண்டு மூணு தடவை போச்சுன்னா, அந்த நஷ்டத்த எழுதி வைங்க. அது பெருசா இருந்தா ஆர்.டி.ய உடைச்சு வாங்கறதுலயும் தப்பில்ல.

அந்த அக்கவுண்ட் ஒரு வருஷம் ஆகியும் காலியாவே இருந்தா? அப்பவும் நல்லதுதான். பாட்டு உங்க மனசுக்குப் பிடிச்ச விஷயம், அப்படியே சந்தோஷமா பண்ணுங்க. அதுக்கு 90,000 ரூபாய் கடன் தேவையில்ல, 1024 பஃபர் போதும்.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை பண்ணுங்க. திக்குற ப்ராஜெக்டத் திறந்து, பஃபர ஏத்தி, ரிவர்ப எல்லாம் ஒரே சென்டுக்கு மாத்தி, முடிஞ்ச டிராக்க ஃப்ரீஸ் பண்ணிப் பாருங்க. அதுக்கப்புறமும் மீட்டர் சிவப்புல நின்னா காயிலப் பாப்போம். ஒவ்வொரு செட்டிங்கும் எங்க இருக்குன்னு வீடியோல ஸ்கிரீன்ல காமிச்சிருக்கேன், பாத்துக்குங்க. ஈ.எம்.ஐ. பட்டன அமுக்கப் போற நண்பர் யாராவது இருந்தா, அமுக்கறதுக்கு முன்னாடி இத அனுப்பி வைங்க.